பூவுக்குக் கீழே
பிரெஞ்சு ஓவியர் எடுவார் மானே 1883 ஏப்ரலில் இறந்தார். நோயில் முடங்கிய கடைசி மாதங்களில், நண்பர்கள் கொண்டுவந்த பூக்களைச் சிறிய கான்வாஸ்களில் வரைந்தார். போதாதா? உடனே விமர்சகர்கள் ‘மரணத்தின் நிழல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில், கார்னேஷனும் கிளமாட்டிஸும் செருகிய படிகச் சாடி ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் அந்த நிழல் எனக்குத் தட்டுப்படவில்லை. இதழ்களைச் சில வீச்சுகளில் முடித்துவிட்டவர், சாடிக்குள்தான் தங்கிவிடுகிறார்: தண்ணீரில் கலங்கித் தெரியும் காம்புகள், கண்ணாடியில் வெள்ளைக் கீற்றுகள். கிட்டே போனால் காம்பு மறைந்து பச்சைத் தீற்றல் மட்டும் மிஞ்சும். தள்ளி நின்றால் மறுபடி தண்ணீர். (நவீன ஓவியத்தின் பாதி வழக்கு இதுதான்.) வேலை தெரிந்த கையின் குதூகலம் இது. ஓவியரின் மருத்துவச் சீட்டை ஓரம் வைத்துவிட்டு, முதலில் அந்தக் காம்புகளைப் பாருங்கள்.