ஆளில்லாப் பாதையா, ஆளை விரட்டிய பாதையா?

சென்ற வாரம் ஏறாவூரில் ஒரு கல்யாண வீடு. கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பந்தியில் இருந்தபடி சொன்னார்: “மட்டக்களப்புக்கு இன்னொரு தண்டவாளமா? ஓடுறதே நாலு ரயில். ஆரு தம்பி ஏறப்போறா?” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தேநீர்க்கடையிலும் இதே பேச்சு, அலுவலகங்களிலும் இதே பேச்சு.

இப்படிப் பேசுகிறவர்களைக் கல்லடிப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே 1924இல் கட்டிய லேடி மேனிங் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போக முடிந்தது. அந்தப் பக்கத்தால் பஸ் வந்தால் இந்தப் பக்கத்தவர் நிற்க வேண்டியிருந்தது. காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் போகிறவர்கள் எத்தனை தலைமுறையாக அங்கே வெயிலில் காய்ந்தார்கள்! வாகனம் குறைவு, இருக்கிற பாலமே போதும் என்று அப்போது எவராவது சொன்னாரா? 2013இல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள். இன்று அதில் வாகனம் ஓயாமல் ஓடுகிறது. வழி வந்தது, வாகனமும் வந்தது.

ரயிலுக்கு மட்டும் ஏன் தலைகீழ்ச் சட்டம்? மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். இன்றுவரை பொல்கஹவெலவுக்கு அப்பால் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் வண்டி வந்து விலத்தும்வரை மற்றது நிலையத்தில் கிடக்க வேண்டும். பாதைக்கு அனுமதியாக நிலைய அதிபர் நீட்டும் வளையம் சாரதியின் கைக்கு வந்தால்தான் வண்டி அசையும். எண்ணெய் வண்டி பிந்தினால் உதயதேவி ரயிலும் பிந்தும். பிந்துகிற ரயிலை நம்பி எவர் ஏறுவார்? ஆளை விரட்டிவிட்டு, பிறகு ஆளில்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

அந்தக் கணக்கும் பொய். பெருநாளுக்கு, பொங்கலுக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறிப் பாருங்கள். கழிப்பறை வாசலில் பத்திரிகையை விரித்து, பிள்ளையை மடியில் போட்டபடி தாய்மார் இருக்கிறார்கள். இவர்கள் ஆட்கள் இல்லையா?

மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தால் போன காலம் நமக்கு மறக்கவில்லை. 2007இல் மன்னம்பிட்டியில் தெருவுக்குத் தனிப்பாலம் வந்தது. ஓட்டமாவடிக்கும் வந்தது. ரயில் பழைய பாலத்திலேயே நிற்கிறது. கல்லடிக்கு ஒரு நியாயம், தண்டவாளத்துக்கு ஒரு நியாயமா?

2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எண்ணெய் கொண்டுவந்த வண்டி மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே மீனகயா ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்த வண்டியும் தடம்புரண்டது. சுற்றிப்போக நமக்கு வேறு தண்டவாளம் கிடையாது. யானைக்காக மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டத்தான் வேண்டும், அந்த உயிரும் உயிர்தான். ஆனால் ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி மெதுவாகப் போகிற ஒவ்வொரு நிமிடமும் எதிரே காத்துக்கிடக்கிற வண்டியின் நிமிடம். இரண்டாவது பாதை இருந்தால் யானையும் பிழைக்கும், பயணியும் நேரத்துக்குப் போவான்.

நம்முடைய நெல் லொறியில் போகிறது. நம்முடைய பிள்ளைகள் இரவு பஸ்ஸில் முதுகு ஒடிந்து கொழும்புக்குப் போகிறார்கள். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இன்னும் ரயிலே இல்லை. தேர்தல் மேடையில் மட்டும் அது பொத்துவில்வரை ஓடுகிறது. இருக்கிற பாதையில் நாலு வண்டி போதும் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் கொழும்பு ஏன் சிரமப்படப் போகிறது?

முழுப் பாதையையும் நாளைக்கே இரட்டிப்பாக்கு என்று கேட்கவில்லை. கல்லோயாச் சந்தியிலிருந்து மட்டக்களப்புவரை வண்டிகள் விலத்தும் இடங்களைக் கூட்டுங்கள், நீட்டுங்கள். இரண்டாவது தண்டவாளத்துக்கான காணியை இப்போதே ஒதுக்குங்கள். அடுத்தமுறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாக்கும் இல்லையென்று சொல்லி அனுப்புங்கள்.