யந்திரம் வளர்ந்தது, வேலை போயிற்று

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பஸ்ஸில் போகிறவர்கள் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஒரு பகுதி டென்மார்க் தேசத்து வெஸ்டாஸ் கம்பெனியின் மாதிரியில் செய்யப்பட்டவை. ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையும் நடக்கிறது. ஆகவே அது வளர்ந்த கதையும், அந்த வளர்ச்சியில் தொழிலாளிக்குக் கிடைத்த பங்கும் நமக்கு அன்னிய விவகாரம் அல்ல.

லெம் என்ற சிற்றூரில் 1898-ல் ஹான்சன் என்ற கொல்லர் போட்ட பட்டறைதான் அதன் ஆரம்பம். 1945-ல் அவருடைய மகன் அதைக் கம்பெனியாக்கினார். சமையலறைச் சாமான், பால் குளிர்விக்கும் கருவி, லாரியில் பொருத்தும் பளுதூக்கி என்று எதையெதையோ செய்து காலம் தள்ளியது. 1970-களில் எண்ணெய் விலை ஏறவும் காற்றின் பக்கம் திரும்பியது. கம்பெனி முதலில் சோதித்த யந்திரம் சரிப்படவில்லை. சரிப்பட்ட மூன்று இறக்கை யந்திரத்தைக் கட்டியவர்கள் யோர்கென்சன் என்ற கொல்லரும், ஸ்டீஸ்டால் என்ற வாலிபரும்! 1979-ல் அந்த மாதிரியைச் செய்யும் உரிமையைக் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. மூலதனம்தான் புதியதைப் படைக்கிறது என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த உலைக்களத்தைச் சற்றே எட்டிப் பார்க்கலாம்.

அந்த முதல் யந்திரத்தின் சக்தி 30 கிலோவாட். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 10 மீட்டர். அதற்குப் பின் வந்த மாதிரிகளின் பெயரிலேயே அளவு இருக்கிறது. வி-27 என்றால் குறுக்களவு 27 மீட்டர், சக்தி 225 கிலோவாட். வி-39 என்றால் 500 கிலோவாட். இவ்விரண்டும் தமிழ்நாட்டில் நின்று சுழன்றவை. பிறகு 2,000 கிலோவாட் வி-80, 3,000 கிலோவாட் வி-90, கடலுக்குள் நடுவதற்கு 8,000 கிலோவாட் வி-164. 2022 டிசம்பரில் டென்மார்க்கில் முதன்முதலாக மின்சாரம் தந்த வி-236-ன் சக்தி 15,000 கிலோவாட். ஒரே இறக்கை 115.5 மீட்டர். குறுக்களவு இரண்டு மடங்கானால் காற்றைப் பிடிக்கும் பரப்பு நாலு மடங்காகும். அதனால்தான் இந்த ராட்சச வளர்ச்சி. 43 வருஷங்களில் யந்திரத்தின் சக்தி 500 மடங்காகி விட்டது. நிலக்கரிப் புகையில்லாத மின்சாரம். இது மனித உழைப்பின் மகத்தான சாதனை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

கம்பெனியை ஊட்டி வளர்த்தது யார்? 1980-களில் கலிபோர்னியாவில் காற்றாலைக்கு அளிக்கப்பட்ட வரிச் சலுகை, அதாவது ஜனங்களின் பணம். 1985 கடைசியில் சலுகை நின்றது. 1986-ல் கம்பெனி கடன் தீர்க்க முடியாமல் கவிழ்ந்தது. 1987-ல் மறுபிறவி எடுத்து, 2004-ல் என்.இ.ஜி. மைக்கான் என்ற இன்னொரு டேனிஷ் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக் கொண்டது.

இனி, இறக்கை செய்த கைகளின் கதை. கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சில் படிப்படியாக விரித்து, பிசினேற்றி இறுக வைத்துத்தான் இறக்கை செய்கிறார்கள். துணியைத் தொட்டுப் பிழைக்கும் மில் தொழிலாளிக்கு இதன் நுணுக்கம் புரியும். பிரிட்டனில் வைட் தீவின் நியூபோர்ட் ஆலையில் இந்த வேலை நடந்தது. அங்கே செய்த 40 மீட்டர் இறக்கைகள் அமெரிக்காவுக்குப் போயின. பிரிட்டனுக்கு வேண்டிய மாதிரிக்கு ஆலையை மாற்றும் யோசனையைக் கம்பெனி கைவிட்டது. ஆலையை மூடப் போவதாக 2009 ஏப்ரலில் அறிவித்தது. சுமார் 600 பேருக்கு வேலை போகும் நிலை.

வேடிக்கையைப் பாருங்கள்! காற்று மின்சாரத்தைப் பெருக்கப் போவதாகத் தொழிற்கட்சி சர்க்கார் அவ்வருஷம் ஜூலை 15-ல் பெரிய திட்டம் வெளியிட்டது. ஐந்தாம் நாள், ஜூலை 20-ல், இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் ஆலைக்குள் புகுந்து அமர்ந்து விட்டனர். கம்பெனி அங்கீகரித்த சங்கம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ரயில்வே, கப்பல் தொழிலாளர் சங்கம் துணைக்கு வந்தது. 11 பேருக்கு வேலை நீக்க உத்தரவு எப்படி வந்தது தெரியுமா? கம்பெனி உள்ளே அனுப்பிய சாப்பாட்டோடு! ஆட்குறைப்புக்குரிய நஷ்ட ஈடும் அவர்களுக்கு இல்லை என்றார்கள். கோர்ட் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 7-ல் போராட்டம் முடிந்தது. ஆலை மூடப்பட்டது.

வைட் தீவோடு நிற்கவில்லை. 2010 அக்டோபரில் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் சுமார் 3,000 பேரை நீக்கப் போவதாக அறிவிப்பு. 2012 ஜனவரியில் மேலும் 2,335 பேர். பின்னால் வி-164-க்கு வேண்டிய 80 மீட்டர் இறக்கையைச் செய்யக் கைகள் தேவைப்பட்டபோது, அதே வைட் தீவில்தான் ஆள் சேர்த்தார்கள்! அப்படியானால் 2009-ல் அந்தத் தீவின் தொழிலாளிகளிடம் குறைந்திருந்தது திறமையா?

மாதிரி மாறும், மாறட்டும். புது அச்சு வரும்போது பழைய அச்சில் நின்றவனுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்க வேண்டும், ஆலையை மூட நினைத்தால் தொழிலாளிகளோடு முன்கூட்டியே பேச வேண்டும், சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். நிலமும் வரிச் சலுகையும் கேட்டு எந்தக் காற்றாலைக் கம்பெனி வந்தாலும், சர்க்கார் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே இந்த மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். ஆலைக் கதவு சாத்தப்பட்ட பிறகு கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை நியூபோர்ட் தொழிலாளிகள் அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பார்த்து விட்டார்கள்.