நூலகமும் விஞ்ஞான மாணவனும்

கல்லூரி விழாக் கொண்டாடுங் காலத்திலே பழைய மாணவராகிய நாம் ஒருங்கு கூடி, எழுந்த கட்டடங்களையும் பெற்ற வெற்றிக் கிண்ணங்களையும் எண்ணி மகிழ்வது இயல்பே. அம்மகிழ்ச்சியின் நடுவே ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். உயர்தர வகுப்பிலே இணைந்த கணிதமோ பௌதிகவியலோ பயிலும் மாணவன் ஒருவன், தன் பாடநூலில் விளங்காத ஓரிடத்தை விளக்கும் வேறொரு நூலைக் கல்லூரி நூலகத்திலே தானாகத் தேடியெடுக்க வல்லனா? வல்லனல்லனாயின், அங்கு எத்தனை நூல்கள் இருந்தும் யாது பயன்?

எமது மாணவப் பருவத்திலே விஞ்ஞான நூல்கள் கண்ணாடி அலுமாரியினுள்ளே இருந்தன. அவற்றின் பெயர்களை வெளியே நின்று வாசித்தோம். திறப்போ அலுவலகத்துச் சுவரிலே தொங்கியது. அலுமாரியைப் பூட்டியவரை நாம் குறைகூறோம். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பிலே நூலொன்று குறையுமாயின் மறுமொழி கூறவேண்டியவர் அவரே. நூலொன்று பத்தாண்டுகள் வாசிப்பாரின்றிக் கிடந்தாலோ, அதுபற்றி அவரை எவரும் வினவுவதில்லை. கணக்கெடுப்பு இவ்வாறு இருக்குமளவும் பூட்டும் இருந்தே தீரும்.

இதனை நன்குணர்ந்தவர் ஒரு கணித ஆசிரியர். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதங் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராயினார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துதற்கே உரியன என்பது. வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூலைச் சேர்ப்பித்தலும், அவனது நேரத்தை வீணாக்காதிருத்தலும் நூலகத்தின் கடமை என்றும் அவர் வகுத்தார். நேரம் என்பது பரீட்சையை நோக்கியிருக்கும் மாணவனுக்கு எத்துணை அரிய பொருள் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும், அலுமாரியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. தேடும் முறையும் கற்பிக்கப்படல் வேண்டும். பல நூலகங்கள் கைக்கொள்ளும் தூயி தசமப் பகுப்பு முறையிலே விஞ்ஞானமும் கணிதமும் 500 முதல் 599 வரையான எண்களுள் அடங்கும். கணிதம் 510, வானியல் 520, பௌதிகவியல் 530, இரசாயனவியல் 540. கணிதத்தினுள்ளே அட்சரகணிதத்துக்கு 512, நுண்கணிதத்துக்கு 515, கேத்திரகணிதத்துக்கு 516. பௌதிகவியலினுள்ளே ஒளிக்கு 535, வெப்பத்துக்கு 536, மின்னுக்கு 537. கணினி பற்றிய நூலை 500இல் தேடுபவன் ஏமாறுவான். அது 004 முதல் 006 வரையான எண்களில் இருக்கும். இவ்வளவையும் ஒரு பாடவேளையிலே கற்பித்துவிடலாம். நூலின் இறுதியிலுள்ள சுட்டியைப் பார்த்து, வேண்டிய பக்கத்தை மாத்திரம் வாசிக்கப் பழக்குதற்கு இன்னொரு பாடவேளை போதும். முழு நூலையும் வாசிக்கவேண்டுமோ என்றஞ்சியே பலர் தடித்த நூல்களைத் தொடாது விடுகின்றனர்.

அடுத்த தடை மொழியாகும். தாய்மொழியிலே விஞ்ஞானங் கற்பது நாம் பெற்ற பெரும்பேறு. அதனை எக்காரணம் பற்றியுங் கைவிடலாகாது. ஆனால் ‘ஆர்முடுகல்’ என்று கற்ற மாணவன், ஆங்கில நூலின் சுட்டியிலே எச்சொல்லைத் தேடுவான்? ‘அக்சிலறேசன்’ என்னுஞ் சொல்லை அவனுக்கு எவரேனும் கூறியிருத்தல் வேண்டுமன்றோ? தமிழ்நாட்டு நூலை எடுத்தாலும் இடர் தீர்ந்தபாடில்லை. அங்கு அது ‘முடுக்கம்’. இஃதேனும் புதுச்சொல்லென்று தெரிந்துவிடும். நாம் ‘திணிவு’ என்பதை அவர் ‘நிறை’ என்பர். நாம் ‘நிறை’ என்பதை அவர் ‘எடை’ என்பர். நமது ‘கதி’ அவர்க்கு ‘வேகம்’. நமது ‘வேகம்’ அவர்க்குத் ‘திசைவேகம்’. ஒரே சொல் இரு பொருள் தருவதை அறியாத மாணவன், நூலைச் சரியாக வாசித்தும் கணக்கைப் பிழையாகச் செய்வான். ஆதலால், மூன்று வழக்குகளையும் நிரல்படக் காட்டும் கலைச்சொல் ஏடொன்று நூற்பட்டியலின் அருகிலேயே வைக்கப்படல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விஞ்ஞான ஆசிரியர் சிலரும் உயர்தர மாணவருங் கூடின் ஒரு தவணையில் ஆக்கிவிடலாம்.

“தனியார் கல்வி நிலையக் குறிப்புகளும் இணையமும் இருக்க நூலகம் எதற்கு?” என்பார் உளர். குறிப்புகள் பரீட்சை வினாவுக்கு விடை தருவன. மாணவனுக்குத் தானாகத் தோன்றும் வினாவுக்கு அவை விடை தருவதில்லை. கும்பகோணத்து மாணவன் இராமானுசன், 1903ஆம் ஆண்டளவிலே நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த நூலகப் பிரதியொன்றிலே, கார் என்பவர் தொகுத்த பல்லாயிரங் கணிதத் தேற்றங்களைக் கண்டான். அந்நூல் பெரும்பாலும் முடிவுகளையே தந்தது. நிறுவல்களை அவன் தானே தேடினான். எல்லா மாணவரும் இராமானுசராகார். எனினும், அத்தகையான் ஒருவன் நம்மிடை வந்தால் அவன் கைக்கு எட்டுமாறு நூல் இருக்கின்றதா என்பதே கேள்வி.

இணையத்தை நாம் பகைக்கவில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலுள்ள ஈழத்து வெளியீடுகளும், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ நூல்களும் கட்டணமின்றி அங்கு கிடைக்கின்றன. அவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து, அலகுவாரியாகப் பட்டியலிட்டு வைப்பவர் நூலகரே. அவரை நூற்காவலராக வைத்திருப்பது அவர்தம் கல்விக்கே இழுக்காகும்.

இனி, பழைய மாணவர்க்கு ஒரு சொல். வீட்டிலே இடமில்லாதபோது பழைய நூல்களைக் கல்லூரிக்கு அனுப்புதல் நன்கொடையாகாது. கணித நூல் எளிதில் மூப்படையாது. விஞ்ஞான நூலோ மூப்படையும். 2006இலே கோள் வரிசையினின்று நீக்கப்பட்ட புளூட்டோவை இன்றும் ஒன்பதாங் கோளெனக் கூறும் நூலும், 2019இல் மாறிய கிலோகிராமின் வரைவிலக்கணத்தை அறியாத நூலும் மாணவனை வழிதவறச் செய்யும். எந்நூல் வேண்டுமென நூலகரை முதலிற் கேட்டு, அதனையே வாங்கிக் கொடுப்போமாக. காணாமற்போகும் நூல்களின் விலையை ஈடுசெய்யச் சிறு நிதியொன்றையும் நம் சங்கம் ஏற்குமாயின், பூட்டுத் தானே கழன்றுவிடும்.

1981ஆம் ஆண்டு ஆனித் திங்கள் முதல் நாளோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்புக்கு வருந்திய நாம், எரியாது எஞ்சிய நூல்களையும் மாணவர் கண்ணுக்கு மறைத்து வைத்தல் தகுமா? இவ்விழா ஆண்டிலே, ஒன்பதாம் வகுப்பு முதலாக வாரத்துக்கு ஒரு பாடவேளையை நூலகத்துக்கு ஒதுக்கவும், அலுமாரிகளைத் திறந்துவைக்கவும் கல்லூரி முன்வருமாக. அடுத்த ஆண்டிறுதியிலே, எத்தனை நூல்கள் இருக்கின்றன என்பதோடு எத்தனை நூல்கள் வெளியே சென்று வந்தன என்பதையும் எண்ணுவோமாக.