மருதானைக் கடைக்காரருக்கு நட்டஈடு கிடைக்குமா?

கொழும்பின் மாடிகள் பற்றிய செய்திகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. 269 ஹெக்டேயர் துறைமுக நகரம், 350 மீற்றர் தாமரைக் கோபுரம், காலி முகத்திடலைச் சுற்றிய ஹோட்டல்கள் என்று படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்த்து மாஷா அல்லாஹ் என்பவர்களும் உண்டு, "இதெல்லாம் யாருக்கு?" என்று சலித்துக் கொள்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கோபுரத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்கும் மருதானை, பஞ்சிகாவத்தைக் கடைக்காரரிடம், "இந்தக் கடையில் உங்களுக்குச் சட்டப்படி என்ன உரிமை?" என்று கேட்டுப் பாருங்கள். பலரிடம் பதில் இல்லை.

போன மாதம் நான் ஒருவரிடம் கேட்டேன். வாகன உதிரிப்பாகக் கடை. வாப்பா காலத்தில் எடுத்தது. "நாப்பது வருஷமா கூலி கட்டுறன் தம்பி, யாரு நம்மள எழுப்புற?" என்றார். கையில் இருந்தது முத்திரை ஒட்டிய ஓர் ஒப்பந்தக் கடதாசியும் ஒரு கட்டு வாடகைப் பற்றுச்சீட்டும். கீ மணியாகக் கொடுத்த பெரிய தொகைக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. நானாவின் நம்பிக்கையில் பாதி சரி. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் இடமாக இருந்தால், கட்டிடச் சொந்தக்காரர் நினைத்தபடி அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் காணியை அரசாங்கமே எடுக்க வந்தால் கதை வேறு.

1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அதிகாரிகள் காணிக்குள் நுழைந்து அளக்கலாம். 4ஆம் பிரிவு அறிவித்தலுக்கு ஆட்சேபனை எழுதலாம். அவசரம் என்று 38ஆம் பிரிவின் காப்புரையைப் பயன்படுத்தினால், நட்டஈட்டு விசாரணை முடியும்வரை காத்திருக்காமலே காணியைக் கையேற்கலாம். இவ்வளவும் ஓரளவு பலருக்குத் தெரியும். தெரியாதது, நட்டஈடு கேட்கக்கூடிய "அக்கறையுடைய ஆள்" யார் என்று அதே சட்டம் சொல்லும் வரைவிலக்கணம். சொந்தக்காரர், கூட்டுச் சொந்தக்காரர், ஈடு வைத்திருப்பவர், குத்தகைக்காரர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். மாத வாடகைக்காரர் வரமாட்டார் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

"எங்களுடையது மாத வாடகை இல்லை, ஐந்து வருட ஒப்பந்தம்" என்று சிலர் சொல்வார்கள். இங்கே இன்னும் பழைய சட்டமொன்று குறுக்கே நிற்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வீட்டில் வைத்து எழுதிய கடதாசி எத்தனை வருடத்தைச் சொன்னாலும், சட்டத்தின் முன் அவர் பெரும்பாலும் மாத வாடகைக்காரர்தான். சில நெடுஞ்சாலைத் திட்டங்களில் தனியான குழுக்கள் அமைத்து வாடகைக்காரருக்கும் நட்டஈடு கொடுத்தது உண்மை. அதை நம்பி எல்லாத் திட்டங்களுக்கும் காத்திருக்க முடியாது.

"நல்ல இடம் தந்தால் போகலாம்தானே" என்ற வாதமும் இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஒருவர் பழைய டொயோட்டாவுக்கு ஒரு சாமானைத் தேடி வருகிறார். கடையில் இல்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டுப் பொடியன் நாலு கடை தள்ளி ஓடுகிறான், சாமான் வருகிறது, இரண்டு கடைக்கும் இலாபம் பிரிகிறது. பணம் உடனே கைமாறாது, கொப்பியில் ஒரு வரிதான். இதில் முதலீடு என்பது சாமான் மட்டுமல்ல, பக்கத்துக் கடையும்தான். இந்தக் கடைகளில் பத்தை எடுத்து வேறொரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் வைத்தால் பத்துக் கடை இருக்கும், பஞ்சிகாவத்தை இருக்காது.

இது வெறும் பயமல்ல. புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தையில் 2014இல் நகர அபிவிருத்தி அதிகார சபை திறந்த மிதக்கும் சந்தையை நினைத்துப் பாருங்கள். பேரை ஏரித் தண்ணீர், மரப் பாலம், அழகான சிறு கடைகள். படம் எடுக்கச் சனம் வந்தது, சாமான் வாங்க வரவில்லை. சில வருடங்களில் அது பாழடைந்தது. கொம்பனித்தெருவில் நடந்தது இன்னும் கசப்பானது. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் இராணுவத்தினர் நிற்க இடிக்கப்பட்டன. அந்த வருடமே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. பின்னர் தெமட்டகொடை, மட்டக்குளி மாடி வீடுகளுக்குப் போன குடும்பங்களில், வீட்டு வாசலில் அப்பமும் இடியப்பமும் விற்றவர்களுக்கு வாசலே இல்லாமல் போனது. 2014இல் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இந்த வெளியேற்றங்களைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றே வெளியிட்டது. நம்மில் எத்தனை பேர் வாசித்தோம் என்பது வேறு கேள்வி.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. ஓடிய பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்ததால் உதிரிப்பாகத்துக்குக் கேள்வி இருந்தது. ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது சாமான் இறக்கவே பலரிடம் முதல் இல்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததோடு மின்சாரக் கார்களும் வரத் தொடங்கின. மின்சாரக் காரில் ரேடியேட்டர் இருந்தாலும் சைலன்சர் இல்லை, பிளக் இல்லை, இயந்திர எண்ணெய் இல்லை, கிளச் இல்லை. பத்து வருடத்தில் இந்தத் தெருவின் சாமான் மாறித்தான் ஆக வேண்டும். அதற்குக் கடன் வேண்டும். மாத வாடகைக் கடையைக் காட்டி வங்கியிடம் பெரிய கடன் எடுப்பது இலேசான காரியமல்ல. ஆக, காணி எடுக்க யாரும் வராவிட்டாலும் இந்தக் கடதாசிப் பிரச்சினை நம்மைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது.

கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரிக்கார் நம்மவர். 1892இல் ஸாஹிரா தொடங்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பெருமையை வருடா வருடம் பேசுகிறோம். அந்தப் பாடசாலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவரின் குத்தகையைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்யக்கூடியது பெரிய விடயமல்ல. சொந்தக்காரர் இணங்கினால் குத்தகையை நொத்தாரிசு மூலம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். வாடகை கூடலாம், முத்திரைத் தீர்வையும் போகும். வியாபாரப் பதிவில் இருக்கும் விலாசமும் சோலை வரித் துண்டில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். வாப்பாவின் பெயரிலேயே இன்னும் ஓடும் பதிவுகள் ஏராளம். நகர அபிவிருத்தித் திட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்கிறார்கள். அதற்கு வர்த்தகர் சங்கமாகப் போய் எழுதுவது, பின்னால் பெனர் பிடிப்பதைவிடப் பலன் தரும்.

தனியார் சொந்தக்காரர் இணங்க மறுக்கலாம். ஆனால் வக்ஃபு கட்டிடங்களில் இருக்கும் கடைகளுக்கு அந்தச் சாட்டு இல்லை. அங்கே சொந்தக்காரர் நாம்தான். வக்ஃபு சபையின் நடைமுறைக்குள் நின்று நியாயமான வாடகைக்கு முறையான குத்தகை எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கும் வருமானம் கூடும், கடைக்காரருக்கும் பிடிமானம் இருக்கும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது, எத்தனை கடைகள், எத்தனைக்கு எழுத்தில் குத்தகை இருக்கிறது என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள்.