குறைச்சுக்கிட்டா போதுமா, முழுசா விடணுமா?

"டாக்டர், முழுசாவே விட்டுடணுமா? இல்ல கொஞ்சம் குறைச்சுக்கிட்டா போதுமா?"

ஓபியில் வாரம் தவறாமல் வருகிற கேள்வி. பெரும்பாலும் கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். ஃபேட்டி லிவர், கிரேடு 2. பக்கத்தில் மனைவி நிற்பார். கேள்வி கேட்பது இவர், பதிலுக்காக என் முகத்தையே பார்ப்பது அவர்.

"முழுசா விடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவது எனக்கு சுலபம். ஆனால் அந்த ஒற்றை வரி சிலருக்கு உதவாது. இன்னும் சிலருக்கு, விளக்கம் இல்லாமல் சொன்னால் ஆபத்து. அதனால்தான் இந்த நீளமான இழை.

முதல்ல அளவு.

"நான் ரொம்ப கம்மி டாக்டர், ஒரு குவாட்டர்தான்" என்பார்கள். குவாட்டர்னா 180 மில்லி. பாட்டில் லேபிளைப் பாருங்க, 42.8 சதவீதம் ஆல்கஹால்னு போட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கு வைப்பது 10 கிராம். அப்போ ஒரு குவாட்டர் என்பது ஆறு டிரிங்க். ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிற கட்டிங்கே ஆளுக்கு மூணு.

பீர் மட்டும்தான் என்பவர்களுக்கும் சொல்லிடறேன். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்று, நாலு டிரிங்க்.

பிரிட்டனில் ஒரு வாரத்துக்கு இதைத் தாண்டாதீர்கள் என்று சொல்வது 14 யூனிட். அவங்க யூனிட் 8 கிராம், ஆக 112 கிராம். நம்ம ஊர் குவாட்டர் ரெண்டு குடிச்சாலே அது தாண்டிடும். அதாவது, ஞாயிற்றுக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு என்று "எப்பவாவது" குடிப்பவர்கூட அந்தக் கணக்கில் அதிகம் குடிப்பவர்தான். அதற்காக 14-க்குள் குடித்தால் பாதுகாப்பு என்றும் அர்த்தம் இல்லை. மது எந்த அளவிலும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் மது 1988 முதல் இருக்கிறது. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமேன்னு கமெண்ட்ல கேட்கப் போறவங்களுக்கு: இல்லை. அடுத்து போகலாம்.

(விற்பதும் அரசு, வைத்தியம் பார்ப்பதும் அரசு. அதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, இந்த இழையில் வேண்டாம்.)

இப்போ கேள்விக்கு வருவோம். குறைக்கிறதா, விடுறதா என்பதை உங்க விருப்பம் தீர்மானிப்பதற்கு முன்னாடி, உங்க உடம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கணும்.

காலையில் எழுந்ததும் கை நடுங்குதா? ஒரு கட்டிங் உள்ளே போனதும் அந்த நடுக்கம் நின்னுடுதா? குடிக்காத நாளில் வியர்வை, படபடப்பு, தூக்கமே வராத நிலை இருக்கா? குடியை நிறுத்திய ஒரு நாள், ரெண்டு நாளில் எப்போதாவது வலிப்பு வந்திருக்கா? இதில் ஒன்றுக்கு 'ஆமா' என்றாலும் உங்களுக்குக் 'குறைப்பது' என்ற வழி ஏறத்தாழ மூடிவிட்டது. முழுசா விடணும். ஆனால், இங்கதான் கவனிக்கணும், நாளைக்குக் காலையில் வீட்டில் உட்கார்ந்து திடீர்னு விடக்கூடாது.

முழுசா விட்டே ஆகவேண்டியவர், தனியாக திடீரென விடக்கூடாதவராக இருக்கிறார். இது குடும்பங்களுக்குப் புரிவதே இல்லை.

எலும்பு முறிவு வார்டில் இதை அடிக்கடி பார்க்கலாம். பைக்கில் விழுந்து கால் உடைந்து ஒருவர் வருவார். முதல் நாள் நல்லா பேசுவார். மறுநாள் கை நடுங்கும், கோபம் வரும். மூணாவது நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊருதுன்னு சொல்வார், டிரிப்ஸைப் பிடுங்குவார், மாவுக்கட்டோடு எழுந்து நடக்கப் பார்ப்பார். "அடிபட்டதுல மூளை கலங்கிடுச்சு" என்று வீட்டில் அழுவார்கள். தலைக்காயம் இருக்கான்னு நாங்களும் பார்ப்போம்தான். ஆனால் பல நேரம் நடந்தது என்னவென்றால், தினமும் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் குடி கிடைக்கவில்லை. நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இந்தக் குழப்ப நிலை ரெண்டாவது, மூணாவது நாளில். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிர் போகலாம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்குக்காகக் கடைகள் மூடியபோது எத்தனையோ வீடுகள் இதை முதல் தடவையாகப் பார்த்தன.

அதனால் கோயிலில் சத்தியம் பண்ணி கயிறு கட்டிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமா கட்டுங்க. நம்பிக்கை பலருக்கு உண்மையிலேயே கைகொடுக்குது. ஆனால் தினமும் குடிக்கிறவரா இருந்தால் கயிறு கட்டுறதுக்கு முன்னாடி எங்களை ஒரு தடவை பாருங்க. குளோர்டயாசிபாக்சைடு மாதிரி மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து இந்த ஒரு வாரத்தைக் கடக்க வைப்போம். கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. (அந்த மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க. சரக்கோடு சேர்ந்தால் மூச்சு நிற்கும்.)

தயமின்னு சொன்னதும் ஞாபகம் வருது. போதை இறங்க "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு பக்கத்து கிளினிக்குக்குப் போகிற பழக்கம். பல வருஷமாகக் குடிப்பவர் உடம்பில் தயமின் தீர்ந்து போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கலாம். நடை தடுமாறும், ஞாபகம் போகும். போன ஞாபகம் எல்லோருக்கும் திரும்ப வருவதில்லை.

நடுக்கம் இல்லாவிட்டாலும் பேச்சுக்கே இடமில்லாமல் பூஜ்ஜியத்துக்கு வரவேண்டியவர்கள் உண்டு. சிரோசிஸ், மஞ்சள் காமாலை, கணைய அழற்சி வந்தவர்கள். வலிப்பு நோயாளிகள். டிபி மாத்திரை சாப்பிடுபவர்கள், ஏற்கனவே லிவரை வாட்டக்கூடிய மருந்துகள் அவை. இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள், ராத்திரி சர்க்கரை இறங்கியது போதையில் தெரியாமலே போகும். கர்ப்பிணிகள். "லிவர் டெஸ்ட் நார்மல் டாக்டர்" என்பது இவர்களுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. சிரோசிஸ் வந்தவருக்கேகூட அந்த எண்கள் சில நேரம் நார்மலாக இருக்கும்.

மீதி இருப்பவர்கள்? வாரம் ஒரு தடவை, மாசம் ரெண்டு தடவை, கல்யாணம், தீபாவளி. இவர்களிடம் நான் "குறைக்கவே கூடாது, விட்டால்தான் ஆச்சு" என்று சண்டை போடுவதில்லை. ஆறு டிரிங்க் மூணாவது லாபம்தான். பி.பி. குறையும், விபத்து குறையும். முழுசா விட மாட்டேன் என்பவரை அதற்காக வாசலோடு திருப்பி அனுப்பினால் அவர் ஆறிலேயே இருப்பார்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், பலருக்குக் குறைப்பதைவிட விடுவதுதான் சுலபம். காரணம் ஒழுக்கமெல்லாம் இல்லை. ரெண்டாவது பெக் வேணுமா வேணாமான்னு முடிவெடுக்கிறது, முதல் பெக் போட்ட மூளை. போதாக்குறைக்கு குவாட்டர் பாட்டிலைத் திறந்தால் அதில் பாதியை மூடி எடுத்து வைக்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

குறைக்கத்தான் போறேன் என்றால் எத்தனை நாள், எவ்வளவு என்பதைக் குடிக்காத நேரத்தில், மனைவியிடமோ நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்க. வீட்டில் ஸ்டாக் வேண்டாம். விலை கட்டுப்படியாகுதுன்னு ஆஃப் வாங்காதீங்க. மூணு மாசம் பாருங்க. சொன்ன அளவைத் திரும்பத் திரும்ப மீறுகிறீர்கள் என்றால், குறைக்கலாமா விடலாமா என்ற கேள்விக்கு உங்க பதில் கிடைச்சாச்சு.

"மாலை போட்டா 48 நாள் தொட மாட்டேன் டாக்டர், நான் அடிமை இல்ல" என்பார் சிலர். சந்தோஷம். உங்களால் குடிக்காமல் இருக்க முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. மாலையைக் கழற்றிய அன்னிக்கு ராத்திரி என்ன நடக்குது என்பதும் சாட்சிதான். ஒரு மண்டலம் இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இருக்காது, பழைய அளவு அன்னிக்கு வேற மாதிரி அடிக்கும். உண்மையில் அந்த 48 நாளை இலவச சோதனையா எடுத்துக்கலாம். கொழுப்பு மட்டும் படிந்த லிவர் என்றால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். கழற்றுவதற்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்று சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து எதையும் சோற்றில் கலக்காதீங்க. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பி.பி. சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து அது. குடிக்கணும்ங்கிற ஏக்கத்தையே குறைக்கிற வேற மருந்துகளும் இருக்கு.

எங்கே போறது? மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநல ஓபி. காசு கிடையாது. "மனநலமா, நான் என்ன பைத்தியமா?" என்று ஒரு குரல் வரும், அதைக் காதில் வாங்காதீங்க. போனில் பேசணும்னா 14416, போதை மீட்புக்கு 14446, ரெண்டுமே இலவசம்.

வரும்போது கடைசியாக எப்போ குடிச்சார், தினமும் எவ்வளவு, முன்னாடி வலிப்பு வந்ததா என்று இந்த மூணை மட்டும் மறைக்காமல் சொல்லுங்க. திட்ட மாட்டோம். மாத்திரை அளவை முடிவு பண்ண எங்களுக்கு அது வேணும்.