இரைச்சலைத் துடைக்கிறவர்களுக்கு

தேனி, போடி, கம்பம் பக்கம் எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர் வீட்டில் சொந்தமாக டாக் செய்து வைத்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கணினியும் போனும் பாட்டை எண்களாகத்தான் வைத்திருக்கின்றன. அந்த எண்களை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயரிடம் கொடுக்கும் சில்லுக்குப் பெயர்தான் டாக். ஒரு பிசிஎம் 5102 போர்டு, ஒரு ராஸ்பெர்ரி பை, பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, எல்லாவற்றையும் அடைக்க ஒரு அலுமினியப் பெட்டி. சாயங்காலம் உட்கார்ந்து பற்றவைத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு வந்துவிடும். நானும் இரண்டு செய்திருக்கிறேன். ஆகவே இது கையால் செய்கிறவர்களுக்கு எதிரான கட்டுரை இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் இந்த வேலைக்குப் பெரிய பரம்பரையே உண்டு. கல்யாண வீட்டில் ரேடியோ செட்டு கட்டியவர்கள், 2என்3055 டிரான்சிஸ்டரை வைத்து ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணியவர்கள், வேப்பமரக் கிளையில் குழாயைக் கட்டி நாலு ஊருக்குப் பாட்டுப் போட்டவர்கள். அவர்கள் காது சும்மா வந்த காது இல்லை.

என் சண்டை இதற்கு அடுத்து நடப்பதோடு. பெட்டி பாட ஆரம்பித்ததும் செய்தவர் நீதிபதி ஆகிவிடுகிறார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஓட விடுவார். அரை நிமிஷம்தான். "என்னண்ணே இது, ரெக்கார்டிங் மட்டமா இருக்கு. க்ளாரிட்டியே இல்ல." அடுத்து மதுரை மணி ஐயரின் ஒரு கச்சேரி டேப். "ஒரே இரைச்சல். ஸ்டேஜிங் சுத்தமா இல்ல." ஒற்றை மைக்கில் பிடித்த மோனோவில் மேடையின் இடது வலதைத் தேடுகிற ஆளிடம் என்னத்தைச் சொல்வது? கடைசியில் 'ஹௌ டு நேம் இட்'. பண்ணைப்புரத்துக்காரர் 1986இல் கொண்டுவந்த அந்த ஆல்பம்தான் எங்கள் பக்கம் டாக் செய்கிறவர்களுக்குப் பரீட்சைத்தாள். வயலின்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். "பாத்தீங்களா, இதுதான் ரெக்கார்டிங்!"

இந்தத் தீர்ப்புகள் மூன்றுமே தப்பு. கேட்டவர் காது மோசம் என்பதால் இல்லை, கேட்கவேண்டிய கேள்வி வேறு என்பதால்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிசிஎம் 5102இன் தன் இரைச்சல், அது தரக்கூடிய உச்ச ஒலிக்கு 112 டெசிபல் கீழே கிடக்கிறது. சிடியின் 16 பிட் கொள்ளளவு ஏறத்தாழ 96 டெசிபல். ஒரு சாதாரண கேசட் 50ஐச் சுற்றி நின்றுவிடும். அரக்குத் தட்டு அதற்கும் கீழே. அதாவது கேசட்டின் இரைச்சல் உங்கள் டாக்கின் இரைச்சலைவிட மின்னழுத்தக் கணக்கில் ஆயிரம் மடங்கு பெரிது. சிடி நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது. அதில் 22,050 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். நாற்பது வயது தாண்டிய காது பெரும்பாலும் 15,000 தாண்டிக் கேட்காது. பழைய பதிவைப் பொறுத்தவரை, போர்டை மாற்றி, கெப்பாசிட்டரை மாற்றி, வெள்ளிக் கம்பி போட்டு நீங்கள் சேர்க்கிற எதுவும் அந்தத் தட்டின் உரசலுக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கும்.

"எங்க காதுக்கு வித்தியாசம் தெரியுதே" என்பார்கள். தெரியலாம். ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, இரண்டு டாக்கும் ஸ்பீக்கர் முனையில் ஒரே வோல்ட் தருகிறதா என்று பாருங்கள். ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலும் அதைக் காது சத்தம் என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். வோல்டைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லி, இருபது தடவை கேளுங்கள். அமெரிக்காவில் மேயரும் மோரனும் இப்படித்தான் செய்து 2007இல் வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை நேராக ஒரு தடவை, அதையே சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவை. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலும் அம்புட்டுத்தான் வரும். எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் உண்டு, மறைக்கவில்லை: 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 52.3 சதவீதம் என்றார், பயிற்சி பெற்ற காதுகளுக்குக் கொஞ்சம் கூடுதல். இருக்கட்டும். இந்த இரண்டே கால் சதவீதத்தை நம்பித்தான் மணி ஐயரின் பதிவுக்கு மட்டம் என்று முத்திரை குத்துகிறோமா?

(கையால் செய்த பெட்டியில் நிஜமாகவே தப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. பவர் சப்ளை. சாயங்காலம் வோல்டேஜ் விழுகிற ஊரில் மட்டமான அடாப்டரைப் போட்டு, கிரவுண்டை இரண்டு இடத்தில் கட்டினால், ஆம்ப்ளிஃபயர் ஊமென்று முனகும். அதைச் சரி செய்துவிட்டு மேலே படியுங்கள்.)

ஆனால் நான் சொல்ல வந்தது டாக் விஷயமே இல்லை. பழைய பதிவில் இழப்பெல்லாம் பெட்டிக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதை யாரும் விசாரிப்பதில்லை.

தோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் வாசிப்பார் என்று பேர் வாங்கிய மனிதர், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் தட்டுக்குள் ராகத்தை அடக்கவேண்டியிருந்தது. 78 சுற்று என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. சற்றுக் கூடவும் குறையவும் இருந்தன. 78இல் பதிந்ததை 80இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை ஏறும். நாதஸ்வரத்தில் இது சின்ன விஷயமா? உச்ச சுருதித் திமிரியை விட்டு, நீளமான, கனத்த ஒலியுள்ள பாரி நாயனத்துக்கு வந்த மாற்றத்தில் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. வேகம் தப்பிய பிரதியில் பாரி திமிரியை நோக்கி நகர்கிறது, கமகம் அவசரப்படுகிறது. அவர் எதை மாற்றினாரோ அதையே பிரதி திருப்பி மாற்றிவிடுகிறது. "க்ளாரிட்டி இல்ல" என்று சொன்ன தம்பிகளில் ஒருவர்கூட "சுருதி சரியா?" என்று கேட்டதில்லை.

இன்னொன்று. நாதஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் அதை நாம் எங்கே நின்று கேட்கிறோம்? ஐம்பது அடி, நூறு அடி தள்ளி, கூட்டத்துக்கு நடுவில். பதிவில் மைக் அணசுக்கு எதிரே சில அடியில் நிற்கிறது. காதைக் குத்தும் அந்த முனை பதிவின் குறையும் இல்லை, டாக்கின் குறையும் இல்லை. நாம் ஒருபோதும் நிற்காத இடத்தில் கொண்டுபோய் நம் காதை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மணி ஐயர் 1968இல் போய்ச் சேர்ந்தார். இன்று நாம் அவரை அறிவது பெரும்பாலும் கச்சேரி டேப்புகள் வழியாக. ஸ்பூலிலிருந்து ஸ்பூல், ஸ்பூலிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து கேசட், பிறகு எம்பி3, பிறகு யூடியூப், அங்கே இன்னொரு சுருக்கல். எத்தனையாவது பிரதி என்று தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டு 'பதிவு' மட்டம் என்பது, நாலு தடவை ஜெராக்ஸ் எடுத்த பத்திரத்தைப் பார்த்து எழுதியவர் கையெழுத்து சரியில்லை என்பது மாதிரி. 'ஹௌ டு நேம் இட்' கதையும் இதேதான், திசை மட்டும் வேறு. எந்தப் பிரதி? அன்றைய கேசட்டா, சிடியா, பின்னால் யாரோ சத்தத்தைத் தூக்கி ஏற்றிய கோப்பா? பிரதி எது என்று சொல்லாமல் ஒலித்தரம் பேசுகிறவரிடம் எனக்குப் பேச்சு இல்லை.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குச் சண்டையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். சுத்தமே தரம் என்கிற இந்த அளவுகோல் காதோடு நிற்பதில்லை, கைக்கு வந்துவிடுகிறது.

சின்னமனூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எண்பதுகளில் சுற்றுவட்டாரக் கோயில்களில் நடந்த நாதஸ்வரக் கச்சேரிகளைக் கையடக்க ரெக்கார்டரில் பிடித்து வைத்தவர். மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுக்குத் தட்டு இருக்கிறது, 'தில்லானா மோகனாம்பாள்' இருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா வந்து விடிய விடிய வாசித்துவிட்டுப் போன மற்றவர்களுக்கு? அந்த கேசட்டுகள்தான் இருந்தன, அறுபதுக்கு மேல். வீட்டுப் பையன் ஒருவன், நல்ல பையன், சொந்தமாக டாக் செய்தவன், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினான். ஏற்றும்போதே இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டுத் துடைத்தான். 128இல் எம்பி3 ஆக்கினான். அந்தப் போகிக்கு கேசட்டுகளை எரித்துவிட்டார்கள். "அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே சார்."

என்ன இருக்கிறது? கேட்டேன். அந்த மென்பொருள் மாறாமல் ஒலிப்பதை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கச்சேரியில் மாறாமல் ஒலிப்பது எது? சுருதி. ஒத்தும் சுருதிப்பெட்டியும் பாதிக்கு மேல் போய்விட்டன. தவிலின் வலந்தலையில் விழும் அடியின் முனை மழுங்கிவிட்டது. சீவாளியில் மூச்சு இறங்கும் சத்தம், ஸ்வரத்துக்கு முன் வரும் அந்த 'ஹ', காணோம். மிச்சமிருப்பது தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு நாயனம். அவன் டாக்கில் அது மிகச் சுத்தமாகக் கேட்கிறது.

அவன் துடைத்ததில் இன்னொன்றும் போயிற்று. பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டரின் மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அந்தப் பதிவுகளில் மல்லாரி ஒரு சுருதி, மங்களம் வேறு சுருதி. இதைச் சரி செய்ய வழி இருந்தது. பக்கத்தில் ரேடியோ செட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயர் ஊமென்று முனகும் அல்லவா, அந்த முனகல் டேப்பிலும் விழுந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டேப்பில் அது 52ஆகக் கேட்டால் டேப் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அக்காலத்தில் மின்சாரமே 50இல் அசையாமல் நிற்காது, ஆகவே இதைத் துல்லியமான கடிகாரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருட்டில் பிடித்து நடக்க ஒரு கைத்தடி. எந்த முனகல் உண்மையான சுருதியைக் காட்டிக்கொடுக்குமோ அதைத்தான் முதல் வேலையாக வடிகட்டி எறிந்திருக்கிறான்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அந்த அளவுகோலைக் கொடுத்த அண்ணன்மார் மேல்தான். நாமெல்லாம் கொடைக்கானல் பண்பலை 100.5ஐ ஒற்றை ஸ்பீக்கர் டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்கள். கரகரப்புக்குள் இருந்து பாட்டைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்த காது அது. சில நூறு ரூபாய் போர்டு ஒன்று வந்ததும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டோம்.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால், தயவுசெய்து, துடைக்காதீர்கள். டாக்குக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு நல்ல டெக்கை வாங்கிப் பழுதுபாருங்கள். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடையுங்கள், துடைப்பது அதோடு நிற்கட்டும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பாட்டை மோனோவில் ஓட விட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதை மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் திரை விலகின மாதிரி ஜதியெல்லாம் திறந்துகொள்ளும். பழைய கேசட் ரெக்கார்டிங் சென்டர்க்காரர்களுக்கு இது கைவந்த வேலை. நான் கேட்ட எந்த டாக் மாற்றமும் இந்தக் கால் திருகுக்குப் பக்கத்தில் வரவில்லை. 24 பிட்டில், இரைச்சலோடு, முனகலோடு, கூட்டத்தில் அழும் குழந்தையோடு அப்படியே ஏற்றுங்கள். கோப்பின் பெயரில் ஊர், கோயில், வருஷம், வாசித்தவர், எந்த டெக் என்று எழுதுங்கள். சுத்தப்படுத்திக் கேட்க ஆசையா, அதற்கு வேறொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டைப் பரணிலேயே திருப்பி வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்பீக்கர் காந்தத்துக்கும் தள்ளி.