விடை தெரியாதவரிடம் 30 விநாடி கேள்வி

வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்கிறதா? பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போன மெக்கானிக்கின் உபயம் அது. யாரும் எதையும் தொடாவிட்டால் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். "30 விநாடிதானே சார்" என்பார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

நான் புனேயில். கம்ப்யூட்டர் ஊரில். அதன் முன்னால் உட்காருவது அப்பா. அவருக்கு விடை தெரியாத கேள்வியைத் தினமும் கேட்பது என்ன நியாயம்? கை தவறிப் பழைய விண்டோஸ் 10-க்குள் போய்விட்டால்? அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. பேங்க் கணக்கு பார்ப்பவர் போகிற இடமா அது?

எடுப்பது சுலபம். பிட்லாக்கர் இருந்தால் முதலில் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது விண்டோஸுக்குள் போய், விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று டைப் செய்யுங்கள். பூட் டேபில், 'கரண்ட் ஓஎஸ்' என்று இருப்பதை டீஃபால்ட் ஆக்கிவிட்டு, பழையதை டெலிட் செய்யுங்கள். மெனுவிலிருந்து பெயர் மட்டும்தான் போகும். பழைய டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோவெல்லாம் பத்திரமாகவே இருக்கும்.

லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் நிஜமாகவே பயன்படுத்துகிறவர்களுக்கு மெனு தேவை. அவர்களை விட்டுவிடுவோம்.

விண்டோஸ் போட்டுத் தரும் அண்ணாச்சிகளே, காசு வாங்குமுன் இந்த இரண்டு நிமிட வேலையையும் முடித்துக் கொடுங்கள். புண்ணியமாகப் போகும்!